"ரொம்பச் சத்தமா இருக்கே" என்ற பாப்பாவுக்காக: ராஜரத்தினம் பிள்ளையின் வாழ்க்கையும் வாசிப்பும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். நீங்கள் மாயவரத்துக்காரர், இப்போது சென்னையில் குடும்பம். மகள் பியானோ கற்றுக்கொண்டு கிரேடு தேர்வுகள் எழுதுகிறாள். ஃபிரான்ஸ் லிஸ்ட் என்ற பியானோ மேதையைப் பற்றிப் படித்துவிட்டு, "நம்ம ஊர்ல இப்படி யாராவது இருந்தாங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் சட்டென்று நாகசுர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பெயரைச் சொல்லி, அவருடைய தோடி ராக இசைத்தட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு அவள் சொன்னது: "ரொம்பச் சத்தமா இருக்கே. எல்லாம் ஒரே மாதிரி இருக்கே." பிள்ளையவர்கள் யார், என்ன செய்தார், லிஸ்ட்டோடு அவரைச் சேர்த்துப் பேசுவது சரியா, பாப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்கிறீர்கள்.

சேர்த்துப் பேசலாம், தாராளமாக. ஆனால் விரல் வேகத்தை வைத்துப் பேசினால் பாதிதான் கிடைக்கும். வேகமாக வாசித்தவர்கள் காவிரிக்கரையில் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். பிள்ளை செய்தது வேறு காரியம். வீதியில் நின்று வாசித்த ஒரு வாத்தியத்தை மேடையில் உட்காரவைத்தார். அதற்காக வாத்தியத்தின் உடம்பையே மாற்றச் சொன்னார்; வாசிப்பவனுக்குத் தரவேண்டிய மரியாதையையும் சண்டை போட்டு மாற்றினார். லிஸ்ட் ஐரோப்பாவில் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

முதலில் சத்தத்தைப் பேசுவோம். பாப்பா சொன்னதில் தப்பே இல்லை. நாயனம், அதாவது நாகசுரம், சத்தமான வாத்தியம்தான். அது பிறந்து வளர்ந்த இடம் கூடம் இல்லை, தேரோடும் வீதி. ஐப்பசி கடைமுழுக்கன்று துலாக்கட்டத்துக்குச் சுவாமிகள் வரும்போது மாயவரத்தில் எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்கே தெரியும். அந்த இரைச்சலுக்கு நடுவில், மைக் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், தெருக்கோடியில் இருப்பவனுக்கு "சுவாமி புறப்பட்டாயிற்று" என்று தெரியவேண்டும். தவில்காரர் அலாரிப்பு வாசிக்க, பின்னாலேயே கம்பீர நாட்டையில் மல்லாரி எழும். மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரி, கிடையாது, சொற்கட்டும் தாளமும்தான். தேருக்குத் தேர் மல்லாரி, தீர்த்தவாரிக்குத் தீர்த்த மல்லாரி, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் கோயிலில் என்ன நடக்கிறது என்று காது சொல்லிவிடும். விடியலுக்குப் பூபாளம், பௌளி. பள்ளியறைக்குப் போகும்போது ஆனந்தபைரவி, நீலாம்பரி. நாள் முழுக்க இப்படி ஒரு ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டுக்குள் ராக ஆலாபனைக்கு, அதாவது வரியும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரிப்பதற்கு, ஒரு பெரிய வசதி ஒளிந்திருந்தது. சுவாமி மெதுவாகத்தான் நகரும். ஒவ்வொரு வீடாகத் தீபாராதனை, முக்குக்கு முக்கு நிறுத்தம். நாலு வீதி சுற்றிவர ராத்திரி பாதி போய்விடும். யாரும் "நேரமாச்சு, முடிங்க" என்று சொல்லப்போவதில்லை. பாட்டுக் கச்சேரிக்காரருக்குக் கிடைக்காத இந்த அவகாசத்தில்தான் நாயனக்காரர்கள் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பழகினார்கள். கேட்பவர்களும் சாமானியர்கள் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, "நேத்து கீழவீதியில் வாசிச்ச மாதிரி இன்னைக்கு இல்லே" என்று தீர்ப்புச் சொல்லும் ஆட்கள். சங்கீதம் படிக்காதவர்கள், ஆனால் நூறு தோடி கேட்டவர்கள். பிள்ளையைப் புரிந்துகொள்ள இந்தத் திண்ணையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வாழ்க்கை. 1898 ஆகஸ்ட் 27 அன்று நாகப்பட்டினம் பக்கம் திருமருகலில் பிறந்தார். அப்பா குப்புசாமி பிள்ளை, அம்மா கோவிந்தம்மாள். வைத்த பெயர் பாலசுப்பிரமணியம்; ராஜரத்தினம் என்பது பிறகு வந்த பெயர். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் நாயன வித்வான். அவர் பையனைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார். டி.என். ராஜரத்தினம் பிள்ளை என்பதில் உள்ள முன்னெழுத்துகள் அப்படி வந்தவை. சைவத்தையும் தமிழையும் வளர்த்த மடம் அது. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சாமிநாதையர் பாடம் கேட்டதும் அங்கேதான். சங்கீதத்துக்கும் மடத்தில் அதே அளவு இடம் இருந்தது.

பையனுக்கு முதலில் கொடுத்தது நாயனப் பாடம் இல்லை, வாய்ப்பாட்டு. குரு திருக்கோடிக்காவல் கிருஷ்ணையர். அந்தக் காலத்துப் பிடில் சக்கரவர்த்தி, செம்மங்குடி சீனிவாசய்யரின் தாய்மாமன், 1913 வரை இருந்தவர். ஒரு பிடில் வித்வானிடம் பாட்டுக் கற்றுக்கொண்ட பையன் பிறகு நாயனம் ஊதுகிறான். இந்த வரிசையைக் கவனியுங்கள். வில்லை எடுக்காமல் இழுக்கிற நீளம், குரலின் வளைவு, இரண்டும் காதில் இறங்கிய பிறகுதான் சீவாளி (நாயனத்தின் ஊதுவாய்) வாய்க்கு வருகிறது. சின்ன வயசில் மேடையேறிப் பாடியும் இருக்கிறார். பின்னர் மார்க்கண்டம் பிள்ளை, அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளை ஆகியோரிடம் நாயனம்.

அந்தக் காலத்து குருகுலம் எப்படி இருக்கும் என்று உங்கள் மகளுக்குச் சொல்லலாம். கிரேடு கிடையாது, சான்றிதழ் கிடையாது. குருவின் மேளத்தோடு ஊர் ஊராகப் போகவேண்டும். முதலில் கையில் தாளம் கொடுப்பார்கள். அப்புறம் ஒத்து. ஒத்து என்றால் சுருதி மட்டும் ஊதும் குழல். ஒரே சுரத்தை ராத்திரி முழுக்க விடாமல் பிடிக்கவேண்டும். மாசக்கணக்கில் ஒற்றைச் சுரத்தைப் பிடித்தவனுக்குச் சுருதி எலும்பில் ஏறிவிடும் என்பது கணக்கு. விடியற்காலையில் எழுந்து அகார சாதகம், அதாவது வாத்தியம் இல்லாமல் குரலில். அதன் பிறகே குழல். இதைத்தான் அசுர சாதகம் என்பார்கள்.

பியானோவோடு ஒப்பிட்டால் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. பியானோவில் கட்டையை அழுத்தினால் சுரம் சரியாக வந்துவிடும். சுருதி சேர்ப்பது வேறு ஒருவர் வேலை. நாயனத்தில் அப்படி எதுவும் தயாராக இல்லை. ஏழு விரல் துளைகள் இருக்கின்றன, அவ்வளவுதான். ஒரே துளையில் காற்றை அழுத்தினால் ஒரு சுரம், தளர்த்தினால் வேறு. உதடு கொஞ்சம் கூடுதலாகக் கடித்தால் சுருதி ஏறிவிடும். துளையைப் பாதி மூடி, கால்வாசி மூடி, விரலை உருட்டித்தான் கமகம் என்ற சுர அசைவு பிறக்கிறது. நாக்கால் தட்டினால் துத்துகாரம், தட்டாமல் விட்டால் வழுக்கல். ஆக, நுரையீரல், உதடு, நாக்கு, விரல் நாலும் ஒரே நொடியில் ஒத்துப்போகவேண்டும். அதிலும் சீவாளி ஒரு தனி ஜாதகம். காவிரி, கொள்ளிடக் கரைகளில் விளையும் கொறுக்கைத் தட்டையைப் பக்குவப்படுத்திச் சீவிக் கட்டுவது. ஈரம் கூடினால் அடங்கிப்போகும், காய்ந்தால் கிறீச்சிடும். நாயனத்தில் நூலில் கோத்து மாற்றுச் சீவாளிகளும் ஒரு தந்தக் குச்சியும் தொங்குவதைக் கல்யாண வீட்டில் பாப்பா பார்த்திருப்பாள். அலங்காரம் என்று நினைத்திருப்பாள். வித்வான் ஒன்றை எடுத்து வாயில் வைத்து நனைத்து, குச்சியால் வாயைத் திறந்துவிட்டு, "பீ" என்று ஒரு தரம் பார்த்து, பிடிக்காவிட்டால் அடுத்ததை எடுப்பார். அடுத்த முறை போனால் கிட்டே நின்று பார்க்கச் சொல்லுங்கள். சாம்பாருக்கு முன்னால் அதுதான் பார்க்கவேண்டியது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பிள்ளை வாலிபராக இருந்தபோது புழக்கத்தில் இருந்தது திமிரி நாயனம். குட்டையானது, நாலு, ஐந்து கட்டை சுருதி. பாப்பாவின் பியானோவில் எஃப் முதல் ஜி வரை. வீதிக்குப் பொருத்தம், நாலு தெரு கேட்கும். ஆனால் அந்த உயரத்தில் பாட்டின் ஆழம் வராது. மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ்ச் சுரங்களில், சாவகாசமாக உலாவ முடியாது. கூடத்துக்குள் வாசித்தால் காது குடையும். பாட்டுக் கற்ற காது உள்ளவருக்கு இது பொறுக்குமா? நீளமான, சுருதி இறங்கிய பாரி நாயனத்தை அவர் கையில் எடுத்தார். இரண்டு, இரண்டரை கட்டை. டி, அதற்கடுத்த கறுப்புக் கட்டை. பாரி என்ற குழல் திருவாரூர்க் கோயிலில் முன்பே உண்டு, அவர் கண்டுபிடித்தது என்று சொன்னால் தப்பு. அதைக் கச்சேரி வாத்தியமாக்கியது அவர்தான்.

ஆனால் குழலை நீட்டிவிட்டால் மட்டும் போதாது. துளைகளின் இடைவெளி மாறும், சுரங்கள் விலகும். குறிப்பாக நாலாவது சுரமான சுத்த மத்தியமம் தானாக நேராகப் பேசாமல் அடம்பிடிக்கும். வாசிப்பவர் உதட்டாலும் காற்றாலும் முட்டுக்கொடுத்து நிறுத்தவேண்டியிருந்தது. இதைத் தீர்த்துக் கொடுத்தவர் பக்கத்து ஊரான நரசிங்கப்பேட்டையின் ரங்கநாதன் ஆசாரி. பிள்ளையின் தேவைக்கேற்ப அளவுகளைத் திருத்தி, சுத்த மத்தியமம் சுத்தமாக நிற்கும் பாரியைச் செய்தார். இன்று நீங்கள் எந்தக் கச்சேரியில் நாயனம் கேட்டாலும் பெரும்பாலும் அந்த வழிவந்த குழல்தான்.

கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகும் ரயிலில் ஆடுதுறைக்கு அடுத்த ஸ்டேஷன் நரசிங்கப்பேட்டை. பட்டறையைப் பார்த்தால்தான் இதன் கஷ்டம் தெரியும். மரத்தின் பெயர் ஆச்சா. புது மரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூணும் உத்தரமும் வேண்டும், எழுபது எண்பது வருஷம் காய்ந்தது. பச்சை இருந்தால் பின்னால் வெடிக்கும், சுரம் நகர்ந்துவிடும். அதைக் கடைசலில் உருட்டி, உள்ளே நீளத் துளை போடுவார்கள். துளை ஒரே அகலம் இல்லை. மேலே ஒடுங்கி, கீழே போகப் போக விரியவேண்டும். அப்புறம் கீழே அணசு என்ற விரிந்த வாய், மேலே கெண்டை என்ற சின்ன உலோகக் குழல், கெண்டையின் மேல் சீவாளி. ஏழு விரல் துளைகள் போக மிச்சத் துளைகளில் மெழுகை வைத்துக் கூட்டிக் குறைத்துச் சுருதி பார்ப்பார்கள். ஆசாரி நாயனம் வாசிக்கும் வித்வான் இல்லை. ஆனாலும் அவர் ஊதிப் பார்த்துத்தான் கொடுப்பார். 2022இல் நரசிங்கப்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்தது சந்தோஷம்தான். பழைய வீடுகள் தீர்ந்துகொண்டே போகின்றனவே, ஆச்சா மரத்துக்கு எங்கே போவார்கள் என்பது என் கவலை.

லிஸ்ட்டின் கதையிலும் ஓர் ஆசாரி இருக்கிறார் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள். பாரிசுப் பியானோத் தயாரிப்பாளர் செபாஸ்டியன் எரார்டின் புது விசையமைப்புக்கு 1821இல் காப்புரிமை கிடைத்தது. அழுத்திய கட்டை முழுக்க மேலே எழும்பும் முன்பே அதை மறுபடி தட்டலாம் என்ற வசதி அது. அந்த வசதி இல்லாவிட்டால் லிஸ்ட்டின் வேகமான மறுதட்டல்கள் கேட்டிருக்காது. மேதை என்று ஒருவரை மட்டும் தனியாகத் தூக்கிவைத்துப் பேசும் பழக்கம் எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். எரார்டு இல்லாமல் லிஸ்ட் இல்லை, ரங்கநாதன் ஆசாரி இல்லாமல் பிள்ளையின் பாரி இல்லை.

அடுத்தது உட்கார்ந்த கதை. நாயனக்காரர் நின்றுகொண்டே வாசிக்கவேண்டும். மேல்சட்டை கூடாது. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளவேண்டும். மிராசுதார் வீட்டுக் கல்யாணத்தில் பாடகருக்கு ஜமக்காளமும் திண்டும். நாயனக்காரருக்குப் பந்தல் ஓரம். ஞானத்தில் குறைச்சல் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் இடம் அதுதான். ஜாதிக் கணக்கு என்று வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். இசை வேளாளர் வீட்டு வித்வான்கள் தலைமுறை தலைமுறையாக இதை விழுங்கிக்கொண்டார்கள்.

பிள்ளை விழுங்கவில்லை. குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டார். ஷெர்வானி போட்டார், காதில் வைரக் கடுக்கன். மேடை போடுங்கள், உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். முதல் வகுப்பு டிக்கெட் கேட்டார். சன்மானத்தை அவரே சொன்னார், மற்றவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொள்ளவில்லை. ஊரில் இதைத் திமிர் என்றார்கள். அவர் கோபத்தைப் பற்றியும் செலவைப் பற்றியும் கச்சேரிக்கு வராமல் விட்டதைப் பற்றியும் டெல்டாவில் டீக்கடைக்கு டீக்கடை கதை உண்டு. பாதி கட்டுக்கதை, மீதி மிகை. அவற்றைச் சொல்லிச் சிரிப்பவர்கள் அந்தக் கோபம் எதற்காக என்று யோசிப்பதில்லை. ஒருவர் அடம்பிடித்ததால்தான் பின்னால் வந்த அத்தனை நாயனக்காரர்களும் மேடையில் உட்கார்ந்து, சட்டை போட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள்.

லிஸ்ட் விஷயத்திலும் இதே. அவருடைய அப்பா எஸ்தர்ஹாசி பிரபுக்களின் பண்ணையில் வேலை பார்த்தவர். இசைக்காரன் பிரபு வீட்டில் வேலைக்காரன் மாதிரி இருந்த காலம் அப்போதுதான் மாறிக்கொண்டிருந்தது. ஒரு கச்சேரி முழுவதையும் தனியாளாக வாசிப்பது, பியானோவைப் பக்கவாட்டில் திருப்பிவைத்து சபைக்கு முகத்தைக் காட்டுவது, தாளைப் பார்க்காமல் மனப்பாடமாக வாசிப்பது, இதையெல்லாம் வழக்கமாக்கியவர்களில் முதன்மையானவர் அவர். 1840இல் லண்டனில் தனிக் கச்சேரிக்கு ரிசைட்டல் என்று பெயர் போட்டு நடத்தினார். ரஷ்யச் சக்கரவர்த்தி பேசிக்கொண்டிருந்தபோது வாசிப்பை நிறுத்திவிட்டார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். நம் பிள்ளையைப் பற்றிய கதைகளும் அதே அச்சுத்தான்! ஒரே வித்தியாசம், லிஸ்ட் 1847இல், முப்பத்தைந்து வயசில், காசுக்கு வாசிக்கும் ஊர் சுற்றலை நிறுத்திவிட்டு வைமர் அரசவைப் பொறுப்புக்குப் போய், எழுதுவதும் கற்பிப்பதுமாக 1886 வரை வாழ்ந்தார். பிள்ளைக்கு அப்படி ஒதுங்கிக்கொள்ளும் வசதியும் வாய்க்கவில்லை, சுபாவமும் இல்லை.

சரி, தோடி. பாப்பாவைப் பியானோ முன்னால் உட்காரவையுங்கள். சி கட்டையை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு வரிசையாக: சி, டி ஃபிளாட், இ ஃபிளாட், எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி ஃபிளாட். இவைதான் தோடியின் ஏழு சுரங்கள். நாலு கறுப்புக் கட்டை, மூன்று வெள்ளை. ஏறி இறங்கி வாசிக்கச் சொல்லுங்கள். மேற்கத்திய இசையில் இதே வரிசைக்கு ஃப்ரிஜியன் என்று பெயர் உண்டு, அவள் டீச்சர் சொல்லியிருக்கக்கூடும்.

வாசித்து முடித்ததும் சொல்லுங்கள்: இது தோடி இல்லை. சுரங்கள் எல்லாம் சரி, ராகம் வரவில்லை. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவுதான் காந்தாரம். நிஷாதமும் அப்படியே, தைவதத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் நடுவில். பியானோவில் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் ஒன்றும் கிடையாது, அதனால் அந்த அசைவு அதில் வர வழியில்லை. நாயனத்தில் துளையின் விளிம்பில் விரல் உருளும்போது அது தானாகக் கிடைக்கிறது. அப்புறம் இன்னொன்று: பெரிய வித்வான்கள் தோடி விரிக்கும்போது பஞ்சமத்தைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். கமதநி, தநிரிகம என்று. எல்லோரும் காலூன்றும் இடத்தில் காலை வைக்காமல் போவதால் ஓர் ஏக்கம் வரும். கடைசியில் பஞ்சமத்தைத் தொடும்போது கேட்பவன் மூச்சு விடுவான்.

இதைத் தெரிந்துகொண்டு அந்தத் தட்டை மறுபடி போடுங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய தட்டில் பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் பிடிக்கும். ராத்திரி முழுக்க வீதியில் விரித்தவரைச் சிமிழில் அடைத்த மாதிரி. அதனால் நெருக்கமாகத்தான் இருக்கும். அதிலும் மூன்று விஷயங்கள் காதில் விழும். முதலாவது கார்வை, ஒரு சுரத்தைப் பிடித்தால் அசையாமல் நிற்கும் நீளம்; ஒத்து ஊதிய காலத்துச் சொத்து. இரண்டாவது பிருகா. மேலேயிருந்து கொட்டும்போது சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், தனித்தனி மணியாக விழும். வேகத்தில் எந்தச் சுரமும் அரைகுறையாகப் போவதில்லை. மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, அவர் நிறுத்தும் இடங்கள். பாடுபவன் மூச்சு விடும் இடத்தில் அவர் மூச்சு விடுகிறார். கிருஷ்ணையரிடம் பாட்டுக் கற்ற பையன் அங்கே தெரிகிறான். "எல்லாம் ஒரே மாதிரி" என்று பாப்பாவுக்குத் தோன்றியதற்குக் காரணம், மாறுவது சுரமா தாளமா என்று அவள் காது தேடியிருக்கும். இங்கே தாளமே கிடையாது, மெட்டும் கிடையாது. மாறுவது அசைவு மட்டும். காந்தாரத்தை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள், போதும்.

இந்த வாசிப்பு நாயனக்காரர்களோடு நிற்கவில்லை. வாய்ப்பாட்டில் ஜி.என்.பாலசுப்பிரமணியம் கொண்டுவந்த பிருகா மழைக்குப் பிள்ளையின் நாயனமே ஊற்று என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஜி.என்.பி.யும் மாயவரத்துப் பக்கம் கூடலூரில் பிறந்தவர். பாட்டிலிருந்து நாயனத்துக்குப் போனது நாயனத்திலிருந்து பாட்டுக்குத் திரும்பி வந்தது. நேரடிச் சிஷ்யர்களில் பெயர் வாங்கியவர் திருநெல்வேலிச் சீமையின் காருக்குறிச்சி அருணாசலம். குருவைவிடச் சௌக்கியமான வாசிப்பு அவருடையது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை, ஆனால் சண்டைக்கும் வரமாட்டேன். "சிங்கார வேலனே தேவா" பாட்டில் எஸ்.ஜானகியோடு சேர்ந்து ஒலிக்கும் நாயனம் அவருடையதுதான். 1964இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார்.

தவிலைச் சொல்லாமல் விட்டால் பாவம். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) பக்கத்தில் உட்கார்ந்தால் கூட்டம் இரண்டு பங்கு. பியானோக்காரருக்குத் தனிமை ஒரு பெருமை. நாயனக்காரருக்குத் தவில் இல்லாமல் ஆலாபனை முடிந்ததும் கையொடிந்த மாதிரி. ஆலாபனையின்போது தவில் சும்மா இருக்கும் என்று நினைக்கவேண்டாம். வீதி வாசிப்பில் இடையிடையே உருட்டுச் சொல் போட்டு நாயனக்காரருக்கு மூச்சு வாங்க அவகாசம் கொடுப்பதே அவர்தான்.

பிள்ளையின் பொது வாழ்க்கையில் இரண்டு சம்பவங்களை மட்டும் சொல்கிறேன். 1940இல் காளமேகம் படத்தில் கவி காளமேகமாகவே நடித்தார். இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். நாயனத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் எதற்கு நடிக்கப் போனார் என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம். இன்னொன்று எல்லோருக்கும் தெரிந்தது: 1947 ஆகஸ்ட் 14 அன்று டெல்லியில் ஆதீனத்தின் சார்பில் நேருவிடம் செங்கோல் கொடுக்கப்பட்டபோது உடன் போய் வாசித்தவர் இவர். அந்தச் செங்கோலைப் பற்றி இப்போது எவ்வளவோ பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். அன்று வாசித்த நாயனத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

கடைசிக் காலம் சுகப்படவில்லை. காசு நிறைய வந்தது, கையில் தங்கவில்லை. 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் காலமானார், ஐம்பத்தெட்டு வயசு. அவரோடு போனது அவர் மட்டும் இல்லை. 1952இல் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், அதன் பின்னால் 1961இன் நில உச்சவரம்பு என்று மிராசுகளின் பிடி தளர்ந்துகொண்டிருந்தது. உழுதவனுக்கு அது நியாயம்; அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் பத்து நாள் உற்சவத்துக்கு நாலு செட் மேளம் வைத்துப் போட்டி பார்த்த பணமும் அதோடு ஓய்ந்தது. நாயனம் ரேடியோவுக்கும் சபாவுக்கும் போனது. பிள்ளை முன்கூட்டியே பாரியைக் கையில் எடுத்து வைத்திராவிட்டால், மைக் முன்னால் திமிரி என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"அவருக்குப் பின்னால் யார்?" என்று பாப்பா கேட்டால், டெல்டாவை ஒரே பாணி என்று நினைத்துவிடவேண்டாம் என்று சொல்லுங்கள். திருவீழிமிழலை சகோதரர்கள் கீர்த்தனையை வார்த்தை பிசகாமல் வாசிப்பதில் பெயர் பெற்றவர்கள். பாட்டுத் தெரிந்தவர்களுக்குச் சாகித்தியமே காதில் விழும். செம்பொன்னார்கோயில்காரர்கள் தாளக் கணக்கு நிறைந்த ரக்தி மேளத்தில் சூரர்கள். கணக்குப் பிடிக்கும் ஆளுக்கு அது. ஷேக் சின்ன மௌலானா ஆந்திரத்தில் பிறந்தவர். நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் தஞ்சாவூர்ப் பாணியைக் கற்றுக்கொண்டு ஸ்ரீரங்கத்திலேயே குடியேறிவிட்டார். அவர் வாசிப்பு பளிங்கு மாதிரி.

கேட்கும் வரிசையை நான் இப்படி வைப்பேன். முதலில் சின்ன மௌலானா. ஒலிப்பதிவு தெளிவாக இருக்கும், புதுக் காதுக்கு உறுத்தாது. அடுத்து காருக்குறிச்சி. மூன்றாவதாகத்தான் பிள்ளையின் தோடி. நேராக அவரிடம் கொண்டுபோய் நிறுத்தியதுதான் நீங்கள் செய்த ஒரே அவசரம். இயர்போன் வேண்டாம். ஸ்பீக்கரைக் கூடத்தில் வைத்துவிட்டு பால்கனியிலோ வாசலிலோ நின்று கேட்கச் சொல்லுங்கள். அந்த ஒலி தூரத்துக்காகச் செய்யப்பட்டது. முடிந்தால் தை மாதம் பகுள பஞ்சமியன்று திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனைக்கு அழைத்துப் போங்கள். எல்லோரும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளுக்கு வந்து சேருவார்கள். நீங்கள் விடியற்காலையிலேயே போய்விடுங்கள், அன்றைய நாளைத் தொடங்கிவைப்பது நாயனம்தான். திரும்பும்போது கும்பகோணம் வழியாக வந்தால், நரசிங்கப்பேட்டையில் ஏதாவது ஒரு பட்டறை திறந்திருக்கும்.